கொருக்குப்பேட்டை இழைப்பு மிஷின்

என் கணவர் காய்ச்சலில் போன வருஷம், எங்கள் பட்டறையை மூடிவிடுவோம் என்றுதான் ராயபுரத்தில் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். காரியத்துக்கு வந்த மரக்கடைக்காரர் ஒருவர், சாப்பிட்ட கை காய்வதற்குள், ஆயில் இஞ்சினை யாருக்குக் கொடுக்கப் போகிறோம் என்று என் கொழுந்தனிடம் விசாரித்தார். நான் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மூடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

துறைமுகத்தில் இறங்கும் பர்மா தேக்கை வாங்கி அறுத்து, கதவு, ஜன்னல், கட்டில் செய்வதுதான் எங்கள் தொழில். முதல் சில மாதம் வீட்டுக்குள் இருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பிறகு வெள்ளைப் புடவையோடு பட்டறைக்குள்ளேயே போய் நின்றேன். ஆட்கள் ஒரு வாரம் தலையைக் குனிந்துகொண்டு வேலை செய்தார்கள். அப்புறம் பழகிவிட்டது.

வேலையைக் கையில் வைத்திருந்தவன் என் கொழுந்தன். என்னைவிடச் சில வயசு சின்னவன். ஒரு பலகையைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தான் என்றால் அதில் எங்கே வளைவு, எங்கே முறுக்கு என்று சொல்லிவிடுவான். அவன் ஒட்டிய கதவில் சந்து தேடி நகத்தை ஓட்டினால் நகம் எங்கும் தடுக்காது. அவன் பெண்டாட்டியும் நானும் ஒரே அடுப்பில் சமைத்தோம். அண்ணனுக்குப் பிறகு தான்தான் முதலாளி என்று அவன் நினைத்திருக்கலாம். நான் அவனைக் கேட்காமல் எதுவும் செய்யவில்லை. ஆனால் கடைசி வார்த்தை என்னுடையதாகவே இருந்தது. அது அவனுக்கு உறுத்தியிருக்கிறது என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

முப்பதுகளின் தொடக்கம் அது. வேலை எங்கேயும் குறைந்துகொண்டிருந்த சமயம். அப்போது திருவொற்றியூர் பக்கம் ஒரு ஆலைக்காரர்கள் தங்கள் ஆட்களுக்கு வரிசை வீடுகள் கட்டினார்கள். கதவு, ஜன்னல் எல்லாம் எங்களுக்கு வந்தது. அந்த வேலையை வாங்கிக்கொடுத்த காண்டிராக்டர் ஒரே நிபந்தனைதான் போட்டார். மழைக்கு முன்னால் எல்லாம் மாட்டியாக வேண்டும்.

அறுப்பதற்கு ரம்ப மிஷின் இருந்தது. இழைப்பதற்குக் கைதான். இரண்டு பலகையைச் சேர்த்து ஒட்ட வேண்டுமானால் இரண்டின் விளிம்பும் துளி கோணல் இல்லாமல் இருக்க வேண்டும். நீள இழைப்புளியை வைத்துக்கொண்டு இரண்டு ஆட்கள் காலையிலிருந்து தள்ளினார்கள். ரம்பம் அறுத்துப் போட்ட பலகை சுவர் ஓரமாக ஏறிக்கொண்டே போனது. இழைத்த பலகை ஏறவில்லை.

"மிஷின் இல்லாம இது ஆவாது அண்ணி" என்றான் கொழுந்தன். எனக்கும் அது தெரிந்தே இருந்தது.

பிராட்வேயில் மிஷின் விற்கும் கடைக்கு இரண்டு பேரும் போனோம். அந்த மிஷினைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். இடுப்பு உயரத்தில் நீளமான இரண்டு இரும்பு மேஜைகள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். நடுவில் ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில், கத்தி பொருத்திய இரும்புக் கட்டை ஒன்று கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றும். பலகையை விளிம்பில் நிறுத்தி மேலே தள்ளிக்கொண்டு போனால் கோணல் எல்லாம் சீவிக்கொண்டு நேராகிவிடும்.

கடைக் குமாஸ்தா எங்களிடம் அந்த நடுக் கட்டையைத்தான் காட்டினார். உருளையாக, பூரிக்கட்டை மாதிரி இருந்தது. கத்தியின் வாய் மட்டும் மயிரிழை அளவு வெளியே தெரிந்தது. அவர் மேஜை டிராயரிலிருந்து ஒரு மெழுகுவர்த்தியை எடுத்து, மிஷினை ஓடவிட்டு, அதன் நுனியை இடைவெளியில் வைத்தார். சர்ரென்று ஒரு சத்தம். நுனி மட்டும் சீவிப் போயிருந்தது. அதற்கு மேல் உள்ளே இறங்கவில்லை.

"விரல் பட்டால் தோல் போகும். கொஞ்சம் சதை போகும். கை போகாது" என்றார். "பழைய மாதிரியில் நடுக் கட்டை சதுரமாக இருக்கும். சதுரம் சுற்றினால் அதன் தட்டைப் பக்கத்துக்கும் மேஜைக்கும் நடுவில் பள்ளம் விழும் இல்லையா? அது ஆளையே இழுத்துக்கொள்ளும்."

கடையில் இருந்தது வேறொருவருக்கு விற்றாகிவிட்டது. எங்களுக்கு வேண்டுமானால் சீமையிலிருந்து கப்பலில் வர வேண்டும். மழைக்கு முன்னால் வரும் என்று அவர் உறுதி சொல்லவில்லை.

சில நாளில் அவனே ஒரு செய்தியோடு வந்தான். கொருக்குப்பேட்டையில், கூட்ஸ் வண்டி நிற்கும் இடத்தை ஒட்டி, வண்ணாரப்பேட்டை பாய் ஒருவர் பெட்டி செய்யும் பட்டறை வைத்திருந்தார். ஏற்றுமதி படுத்துவிட்டதால் மூடுகிறார். அவரிடம் ஒரு இழைப்பு மிஷின் இருக்கிறது.

"சும்மா குதிர மாரி கீது அண்ணி. நாளைக்கே கொண்டாந்து மாட்டலாம். வெல புதுசுல பாதி கூட கெடையாது."

போய்ப் பார்த்தோம். கரி படிந்த தகரக் கொட்டகை. மிஷின் மட்டும் எண்ணெய் போட்டுத் துடைத்து மினுமினு என்று இருந்தது. கனமான வார்ப்பு. புதுசில்கூட அவ்வளவு கனம் இல்லை. பாய் மரியாதையானவர். எனக்கு ஒரு முக்காலி போடச் சொல்லிவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். மிஷினை ஓட்டிக்காட்டியவர் வியாசர்பாடிக்காரர். நாற்பது வயசு இருக்கும். வலது கையில் துண்டைச் சுற்றித் தொங்கவிட்டிருந்தார். இடது கையாலேயே பெல்ட்டைத் தள்ளி மாட்டினார்.

கொழுந்தன் ஒரு தேக்குப் பலகையைத் தள்ளினான். மிஷின் உறுமியது. மறுபக்கம் வந்த விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான். கண்ணாடி மாதிரி வழவழப்பு. அண்ணன் போனதிலிருந்து அவன் முகத்தில் அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை.

மிஷினை நிறுத்தினார்கள். வியாசர்பாடிக்காரர் எண்ணெய்க் குப்பியை எடுக்கக் குனிந்தபோது துண்டு நழுவியது. அந்தக் கையில் கட்டை விரலும் சுண்டு விரலும்தான் இருந்தன. நடுவில் இருந்தவை சாய்வாக, ஒரே கோட்டில், சீவினாற்போல் போயிருந்தன.

"இதுலதானா?" என்று கேட்டேன்.

"மிஷினு மேல தப்பில்லம்மா" என்றார் அவர் அவசரமாக. "பலகையில ஒரு கணு இருந்திச்சி. நான் பாக்கல. உதறிச்சி, கை வுழுந்துட்ச்சி. எத்தினியோ வருசமாச்சி. அப்பால நாந்தான் இத்த ஓட்டிகினு கீறேன்." பிறகு பாய்க்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வாங்கிக்கம்மா. மிஷினோட நானும் வந்துர்றேன். இந்தக் கைய வச்சிகினு வேற எங்க போயி வேல கேக்கறது?"

பெல்ட்டைக் கழற்றச் சொன்னேன். மிஷின் பக்கத்தில் போய் அந்த இடைவெளியைப் பார்த்தேன். உள்ளே சதுரக் கட்டை. அது நின்றிருந்த நிலையில், மேஜைக்கும் அதற்கும் நடுவே என் நாலு விரலையும் விட்டுப் பார்த்தேன். உள்ளங்கை வரைக்கும் இறங்கியது.

"அண்ணி, கைய எடுங்க!" என்று கொழுந்தன் கத்தினான். என் தோளைப் பிடித்து இழுத்தே விட்டான். அண்ணியைத் தொட்டுவிட்டோமே என்று உடனே கையை எடுத்துக்கொண்டு நின்றான்.

"நின்னுகினு கீற மிஷினுக்கே உனக்கு இவ்ளோ பயமா தம்பி?" என்றேன்.

அவன் முகம் இறுகிவிட்டது. நாலு பேர் எதிரில் நான் அதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்னவோ.

வீட்டில் அன்று மாலை முழுக்கப் பேசினோம். பேச்சு என்று சொல்வதைவிடச் சண்டை என்று சொல்லலாம்.

"கத்தி கத்திதான் அண்ணி. புதுசுல மட்டும் என்ன, வெண்ணெயா வச்சி கீறான்? நான் ஒண்ணும் கவனமில்லாதவன் கெடையாது."

"அந்த வியாசர்பாடிக்காரரும் கவனமில்லாதவரா தெரியல."

"புதுசு வர்றவரைக்கும் காண்டிராக்டரு நிப்பானா? வேற பட்டறைக்குப் போயிடுவான். ஆளுங்களும் போயிடுவாங்க. அப்பால புது மிஷின வச்சிகினு பூஜ போடலாம்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் என்னை வதைத்தது. அவன் பெண்டாட்டி அடுப்பருகில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் யார் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் நான், "உன் கைய நம்பித்தான் தம்பி ரெண்டு குடும்பம் கீது. அத்த நான் அந்தப் பள்ளத்துல வைக்க மாட்டேன்" என்றேன்.

"என் கை அண்ணி இது. உங்க கை இல்ல." சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான்.

என் வளையல்கள் எனக்கு இனி வேண்டாதவை என்று ஊரே முடிவு செய்திருந்தது. அவற்றை விற்றுப் புது மிஷினுக்குச் சொல்லி வைத்தேன்.

கொழுந்தன் கோபித்துக்கொண்டு கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் கத்தவில்லை. கொஞ்ச நாள் சாதாரணமாக வந்து வேலை செய்தான். ஒரு காலையில் பட்டறைச் சாவியை என் முன்னால் வைத்துவிட்டு, தான் தனியாகப் போவதாகச் சொன்னான். மாமனார் வீட்டில் பணத்துக்கு ஏற்பாடு செய்திருக்கிறான். கொருக்குப்பேட்டை மிஷினை வாங்கிவிட்டான். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு கொட்டகையும் பிடித்தாகிவிட்டது. அவன் பெண்டாட்டி, என் ஓரகத்தி, பாத்திரங்களைக் கட்டும்போது அழுதாள். நான் அழவில்லை. எந்தப் பாத்திரம் யாருடையது என்பதில் எங்களுக்குள் ஒரு சச்சரவும் வரவில்லை. அதுவேறு துக்கமாக இருந்தது.

காண்டிராக்டர் மிஷின் இருக்கும் இடத்துக்குப் போனார். ஆட்களிலும் பாதிப் பேர் அங்கே போனார்கள். வியாசர்பாடிக்காரருக்கும் அங்கே வேலை கிடைத்தது.

என் பட்டறை அமைதியாகிவிட்டது. கையால் இழைக்கிற கட்டில் வேலை ஒன்றிரண்டு வரும். அந்த அமைதியில்தான் எனக்கு அவன் மிஷின் கேட்க ஆரம்பித்தது. பாதையைத் தாண்டி, காற்று இந்தப் பக்கம் அடிக்கும்போது, ஒரே சீரான ரீங்காரம். பலகை கத்தியில் ஏறும்போது அது கனத்து உறுமும். பலகை தாண்டியதும் மறுபடி லேசாகும். நான் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தாலும் சரி, வந்தவர்களோடு பேசிக்கொண்டிருந்தாலும் சரி, ஒரு காது அங்கேயே இருக்கும். சத்தம் திடீரென்று நின்றால் எனக்கு மூச்சு நின்றுவிடும். பெரும்பாலும் பெல்ட் நழுவியிருக்கும். சற்று நேரத்தில் மறுபடி ஆரம்பிக்கும். அது ஆரம்பிக்கும்வரை என்னால் ஒரு வேலையும் செய்ய முடியாது. எதிரில் நிற்கும் ஆள், "இன்னாம்மா, உடம்பு சரியில்லியா?" என்பார்.

அவன் நன்றாகத்தான் நடத்தினான். மழைக்கு முன்னால் ஆலை வீடுகளுக்கெல்லாம் கதவு மாட்டிவிட்டான். அந்தக் கதவுகளை நான் போய்ப் பார்த்தேன். ஒரு கதவில்கூடக் குறை சொல்ல இடமில்லை. நான்தான் தப்புக் கணக்குப் போட்டுவிட்டேனோ, வீண் பயத்துக்குக் குடும்பத்தை உடைத்துவிட்டேனோ என்று அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்னையே கேட்டுக்கொண்டேன்.

மழையெல்லாம் ஓய்ந்த பிறகுதான் என் மிஷின் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. கிரீஸ் பூசி மரப்பெட்டிகளில் அடைத்திருந்தது. கடையிலிருந்து ஒரு ஃபிட்டர் வந்து பூட்டிக் கொடுத்தான். அருமையான மிஷின். ஆனால் அதில் தள்ளுவதற்குப் பலகை அதிகம் இல்லை. பொங்கலுக்கு ஓரகத்தி குழந்தைகளோடு வந்து பார்த்தாள். கொழுந்தன் வரவில்லை.

அப்புறம் ஒரு நாள், மதியச் சாப்பாட்டுக்கு முன், அவன் மிஷின் சத்தம் நின்றது. பலகை ஏறி உறுமிக்கொண்டிருந்த நடுவில் நின்றது. நான் காத்திருந்தேன். மறுபடி ஆரம்பிக்கவில்லை. கொஞ்ச நேரம் பெல்ட்தான் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பிறகு செருப்புக்கூடப் போடாமல் நடந்தேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. வண்டிக்கு வண்டி இடைவெளியில் அந்தப் பக்கம் தெரியும், மறையும். தெரிந்தபோதெல்லாம், எங்கள் பழைய ஆள் ஒருவன் கேட்டுக்கு அந்தப் புறம் நின்று என்னைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். வா என்கிறானா, வராதே என்கிறானா என்று புரியவில்லை. வண்டி முடிவதாகவே இல்லை.

கொழுந்தனுக்கு இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது. வியாசர்பாடிக்காரர்தான் தன் துண்டைக் கிழித்து மணிக்கட்டில் இறுக்கிக் கட்டி, ஜட்கா பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார். நான் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன். பலகை மேஜைமேல் பாதியில் நின்றிருந்தது. கீழே குவிந்திருந்த சீவல் சிவந்திருந்தது. அதற்கு மேல் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

கட்டோடு படுத்திருந்தான். முகம் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. என்னைப் பார்த்ததும், "அண்ணி, ஒண்ணும் சொல்லிடாதீங்க" என்றான்.

"நான் எதுவும் சொல்ல வரல தம்பி."

"மரத்துல கொற இல்ல. கவனமாத்தான் இருந்தேன். எப்டின்னே தெரியல."

நான் அவன் கால்மாட்டில் உட்கார்ந்தேன். நான் சொன்னது சரியாகப் போனதில் எனக்கு வந்தது கோபம்தான். யார்மேல் என்று தெரியாத கோபம். என் பேச்சு பொய்யாகிப் போய், காலம் முழுக்க அவன் என்னைக் கேலி செய்துகொண்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ஓரகத்தி வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரமாட்டேன் என்றாள். அவளைத் தாங்கிப் பிடித்து அழைத்து வந்தேன்.

காயம் ஆறும்வரை அவர்களுக்கு என் வீட்டிலிருந்துதான் சாப்பாடு போனது. கட்டுப் பிரித்த பிறகு அவனிடம் கேட்டேன். திரும்பி வந்துவிடு, புது மிஷின் சும்மாதான் இருக்கிறது, நீ ஓட்டு, நீயே முதலாளியாக இரு என்றேன்.

"பாவம்னு கூப்புடறீங்களா அண்ணி?"

"இல்ல. உன்னோட வேல எனக்கு வேணும்."

நான் சொன்னது உண்மை. அவன் அதை நம்பவில்லை. அடுத்த வாரமே மறுபடி ரீங்காரம் கேட்டது. அதே மிஷின்.

ஓரகத்தி என்னிடம் ஓடி வந்தாள். "அக்கா, கட்டப் பிரிச்ச கையோட போயி அதுங்கிட்டவே நிக்கறாரு. நான் கத்தினா வெளிய போங்கறாரு. எங்கப்பா துட்டு அதுல கீது, வுட முடியாதாம். எனக்குத் துட்டு வாணாம் அக்கா, அவரு முழுசா வூட்டுக்கு வந்தா போதும்."

அவள் போன பிறகுதான் எனக்கு ஒன்று தோன்றியது. மிஷினை மாற்ற வேண்டாம். நடுக் கட்டையை மட்டும் மாற்ற முடியுமா? பிராட்வேக்குப் போய்க் கேட்டேன். முடியும், சரியான அளவு கொண்டுவந்தால் உருளைக் கட்டை வரவழைத்துத் தருகிறேன் என்றார் குமாஸ்தா. அளவுக்கு எங்கே போவது? வியாசர்பாடிக்காரருக்கு ஆள் அனுப்பினேன். கொழுந்தன் சாப்பிடப் போன நேரத்தில் அவர் நூல் பிடித்து, மரச் சில்லுகளில் அளவை வெட்டிக் கொண்டுவந்து கொடுத்தார்.

"இந்த மாரி ஒண்ணு கீதுன்னே எனக்குத் தெரியாதும்மா" என்றார். சில்லுகளைக் கொடுத்துவிட்டும் போகாமல் சற்று நின்றார். "என் கை போனப்பவே இது இருந்திச்சா?"

இருந்திருக்கும் என்று நினைக்கிறேன், ஆனால் எனக்குத் தெரியாது என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

உருளைக் கட்டை வந்தது. ஓரகத்தி கையில் கொடுத்தனுப்பினேன். கொழுந்தன் அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் சாக்கோடு மூலையில் போட்டுவிட்டான். இப்போது மிஷின் நன்றாகத்தான் ஓடுகிறது என்றானாம்.

வாரக் கணக்கில் அது மூலையிலேயே கிடந்தது. ஒரு காலையில் வியாசர்பாடிக்காரர் பெல்ட்டை மாட்டவில்லை. ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்துகொண்டு, "அத்த மாட்டினா வேல செய்யறேன். இல்லாங்காட்டி நான் வூட்டுக்குப் போறேன்" என்றாராம். அன்றைக்குக் கொருக்குப்பேட்டையில் என்னிடம் வேலைக்காகக் கெஞ்சினவர் அவர். அவரை எடுத்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் வேறு யாரும் இல்லை என்று அவருக்கும் தெரியும், கொழுந்தனுக்கும் தெரியும். கொழுந்தன் போ என்றான். அவர் போய்விட்டார்.

செய்தி கேட்டதும், என்னிடம் வரச் சொல்லி ஆள் விட்டேன். அவர் வரவில்லை. "நைனா கூப்புட்டா அங்கதான் போவேன்" என்று சொல்லியனுப்பினார். கொழுந்தனைத்தான் அவர் நைனா என்பார்.

அப்புறம் அந்த மிஷின் சத்தம் குறைந்துவிட்டது. ஓடும், நிற்கும். வேறு ஆள் யாரும் பக்கத்தில் வரப் பயந்தார்கள் என்றும், இவன் தனியாகவே தள்ளினான் என்றும் கேள்விப்பட்டேன். பிறகு ஒரு முழு நாள் சத்தமே இல்லை. ஓடிப்போய்ப் பார்க்க எழுந்தவள், கேட்டில் கையை ஆட்டிய ஆளை நினைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் அவனே என் பட்டறை வாசலில் வந்து நின்றான். பிரிந்து போனதிலிருந்து அவன் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. உள்ளே வரவில்லை. என் மிஷினைத் தூரத்திலிருந்தே பார்த்தான்.

"அண்ணி, அந்த ஃபிட்டரு எங்க கீறான்?"

இடத்தைச் சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனான். அந்த வாரம் ஃபிட்டர் வந்து உருளைக் கட்டையை மாட்டினான். கொழுந்தனே வியாசர்பாடிக்குப் போய் அவரைக் கூட்டி வந்தான்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். சில மாதம் கழித்து, ஒரு விசேஷத்துக்கு அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது, பேச்சோடு பேச்சாக, கழற்றிய சதுரக் கட்டையை என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"வித்துட்டேன். திருவொத்தியூருல ஒரு பட்டறையில இதே மிஷினு. அவங்குளுது கட்டை விரிசல் வுட்டுப்போச்சாம். நல்ல வெலைக்கு எடுத்துகினான்."

என் கையில் இருந்த தட்டை வைத்துவிட்டேன். அவன் என்னைப் பார்த்தான். மறுநாள் காலை என் வாசலில் ஜட்கா வந்து நின்றது. "வாங்க அண்ணி, போலாம்" என்றான்.

திருவொற்றியூர் பட்டறை கடலைப் பார்த்திருந்தது. சொந்தக்காரர் எங்களை உட்காரச் சொன்னார். விற்ற விலைக்கு மேலேயே தருகிறோம், அந்தக் கட்டையைத் திருப்பிக் கொடுங்கள் என்றான் கொழுந்தன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. உருளைக் கட்டை எங்கே கிடைக்கும், அது என்ன செய்யும் என்று நான் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது நல்லதுக்குத்தான் தாயி. ஆனா அது கப்பல்ல வர்ற வரைக்கும் நான் எத்த வச்சி ஓட்டறது? ஆளுங்களுக்குச் சோறு வோணாமா?"

இதே வார்த்தையை ஏற்கெனவே எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் கேட்டிருக்கிறேன்.

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. இளம் வயசு ஆள் ஒருவன் பலகை தள்ளிக்கொண்டிருந்தான். கொழுந்தன் அவன் பக்கத்தில் போய், தன் இடது கையை அவன் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினான். அவன் பலகையை நிறுத்தாமல் அதைப் பார்த்தான்.

"ஜாக்ரதையாத்தான் கீறேன் அண்ணாத்தே" என்றான், மரியாதையாக.

பத்து விரலாலும் பலகையை அழுத்திப் பிடித்திருந்தான். மிஷின் உறுமியது. நாங்கள் வெளியே வந்து ஜட்காவில் ஏறினோம். ராயபுரம் வரும்வரை இரண்டு பேரும் கடலையே பார்த்துக்கொண்டு வந்தோம்.